கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஃபார்மேட்டுக்கு அவசரப்படாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் திடீரென நின்றுபோவது வழக்கம். "ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சு, காலையில பட்டனை அமுக்கினா ஒண்ணுமே வரலை" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பல இடங்களில் கிடைக்கும் முதல் பதில் "ஃபார்மேட் பண்ணிடலாம்" என்பதுதான்; அதாவது டிஸ்க்கில் உள்ளதை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவது. பட்டனை அழுத்தியும் ஃபேன்கூடச் சுற்றாத பெட்டிக்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நிலையில் ஹார்டு டிஸ்க்கைப் படிக்கும் வேலையே தொடங்கியிருக்காது. பிள்ளைகளின் சான்றிதழும் கல்யாணப் போட்டோவும் பெரும்பாலும் அதில் பத்திரமாகத்தான் இருக்கும். அவற்றை அழிக்க எந்தக் காரணமும் இல்லை.

உயிரே இல்லை என்றால், முதலில் யூபிஎஸ்ஸை விலக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். வீட்டு யூபிஎஸ்களில் பொதுவாக இருக்கும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். அது செத்துவிட்டால் கரண்ட் இருக்கும்போதும் சில யூபிஎஸ் ஆன் ஆகாது. அதிலும் பயனில்லை என்றால் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து, மறுபடி செருகுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு சிக்கிக்கொண்ட மதர்போர்டுகள் (எல்லாப் பாகங்களும் செருகப்படும் முக்கியப் பலகை) இதிலேயே எழுந்துவிடுவது உண்டு.

அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி. பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை, கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தாலும், அது ஊதா வயரில் 5 வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். பட்டன் வேலை செய்வதே அந்த 5 வோல்ட்டை நம்பித்தான். ஓய்வே இல்லாத அந்தப் பகுதியில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகம்) சூட்டில் காய்ந்து போகும். "ரெண்டு மூணு தடவை அமுக்கினாத்தான் ஆன் ஆகுது" என்பது அதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். அப்போதே மாற்றிவிட்டால் செலவு எஸ்எம்பிஎஸ்ஸோடு முடியும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஊதாவில் 4.75 முதல் 5.25 வரையும், ஆன் ஆன பிறகு மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரையும் வருகிறதா என்று பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் நிற்கும். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? பிளக்பாயின்ட்டில் எர்த் இல்லை என்று பெரும்பாலும் அர்த்தம். எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்யுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் பெரும்பாலும் ராம் எனும் தற்காலிக நினைவகக் கார்டுதான். நம் ஊர் ஈரத்தில் அதன் தங்கநிறப் பட்டைகளில் அழுக்குப் படியும். கரண்டை முழுக்கத் துண்டித்து, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமை எடுங்கள். பட்டைகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, 'டக்' என்று கிளிப் விழும் வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் மானிட்டர் கேபிளை அந்தக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டுத் திண்டாடுவதும் நடக்கிறது. சில போர்டுகளின் ஓரத்தில் சிபியு (ப்ராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் உள்ள டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

லோகோ வந்து நின்றுவிட்டால், செருகியிருக்கும் பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த பேட்டரி தீர்ந்தால் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் கம்பெனி வைத்தபடியே மாறிவிடும். டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையான சாட்டா மோடு, ஏஹெச்சிஐ என்பதிலிருந்து வேறொன்றுக்குப் போனால் விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும். இதைக் கவனிக்காமல் ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். மோடை முன்பிருந்தபடி மாற்றி வைத்தால் விண்டோஸ் தானாக வந்துவிடும்.

ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தகட்டில் கீறல் விழும் அபாயம் உண்டு. அதில் உள்ளது முக்கியமானது என்றால் டேட்டா மீட்பவர்களிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்றை இன்றே செய்துவையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும் விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் விண்டோஸ் வசதியால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. போர்டு மாற்றினாலோ பயாஸ் அமைப்பு மாறினாலோ 48 இலக்க பிட்லாக்கர் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

பழுதுபார்க்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்க்கைத் தொடும் முன் வாடிக்கையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தை அவர் கையில் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணினிப் பழுதுநீக்குநர்,
தஞ்சாவூர்.