பொடி எழுத்தில் இருப்பதை மேலே போடுங்கள்

நன்கொடை திரட்டும் தொண்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வேண்டுகோள்களைப் படித்துவிட்டு முடிந்ததைக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

மேலே ஒரு சிறுமியின் படம். பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'உங்கள் பணம் இவளைப் பள்ளிக்கு அனுப்பும்'. அடியில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற பொடி எழுத்தில், 'திரளும் தொகை அமைப்பின் பொதுப் பணிகளுக்கும் செலவிடப்படலாம்'. சட்டப்படி இதில் தப்பு இல்லாமல் இருக்கலாம். ஆனால் கொடுப்பவர் மனதில் எது பதியும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதானே அதை மேலே போடுகிறீர்கள்?

இணையம் வழியாக ஏழைகளுக்குச் சிறுகடன் திரட்டித் தரும் கீவா அமைப்பின் கதை நினைவிருக்கும். படத்தில் இருக்கும் ஏழைக்கே நேராகக் கடன் தருகிறோம் என்று பலரும் நம்பியிருந்தார்கள். பெரும்பாலான கடன்கள் படம் வெளியாகும் முன்பே உள்ளூர்க் கடன் நிறுவனங்கள் கொடுத்து முடித்தவை என்று 2009இல் ஆய்வாளர் டேவிட் ரூட்மன் எடுத்துச் சொன்னார். கீவா மழுப்பவில்லை, தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. அதனால் அது மூழ்கிப் போய்விடவும் இல்லை.

அப்புறம் அந்த 'இன்றே கொடுத்தால் இரட்டிப்பாகும்' அறிவிப்பு. நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு பெரிய கொடையாளர் இன்னொரு ரூபாய் போடுவார் என்கிறீர்கள். நாங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தப் பெரிய கொடையாளர் முழுத் தொகையையும் தரத்தான் போகிறார் என்றால், அங்கே எதுவும் இரட்டிப்பாகவில்லை. எங்களை அவசரப்படுத்தச் சொன்ன பொய் அது. இதைக் கடுமையாகவே சொல்கிறேன். 'நூறு சதவீதமும் பயனாளிகளுக்கே' என்பதும் அப்படித்தான். கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் வேண்டும், வண்டிக்கு எரிபொருள் வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று சொன்னால் எங்களுக்குப் புரியாதா என்ன?

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு உலகமே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போ, சில நாட்களிலேயே, இந்தப் பணிக்குத் தேவையானது சேர்ந்துவிட்டது, இதற்கென்று இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. மற்ற அமைப்புகள் கோபப்பட்டன. அது பின்வாங்கவில்லை. மிஞ்சிய பணத்தை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது. பெரும்பாலோர் சரி என்றார்கள்.

உங்களிடமும் அந்த நேர்மையைத்தான் கேட்கிறேன். கடந்த முறை எந்த வேலைக்கென்று கேட்டீர்கள், எவ்வளவு சேர்ந்தது, மிச்சம் எங்கே போனது? அடுத்த வேண்டுகோளில், படத்துக்குப் பக்கத்திலேயே, அதே கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நன்கொடையாளர்களில் ஒருவன்