வாய்க்கால் நிறத்தில் ஒரு இறால்

பெரம்பூர், சென்னை
கார்த்திகை 12

அன்புள்ள கோமு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. பேத்தி உன்னை "ஆச்சி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்கிற வரியை மட்டும் இரண்டு தரம் படித்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில், கண்ணாடித் தொட்டியில் வளர்க்க வாங்கி வந்த பத்து இறாலும் எட்டே நாளில் செத்துவிட்டன, எனக்குக் கைராசி இல்லை, தொட்டியைப் பரணில் ஏற்றப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏட்டி, தொட்டியை ஏற்றாதே. கீழே இருக்கிற இடத்திலேயே தண்ணீரோடு இருக்கட்டும்.

நீ எழுதியதை வைத்துப் பார்த்தால், சனிக்கிழமை மண் போட்டுத் தண்ணீர் நிரப்பி, ஞாயிற்றுக்கிழமை இறாலை விட்டிருக்கிறாய். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்ததே என்று கேட்கிறாய். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிற தண்ணீரிலும் அம்மோனியா ஏறியிருக்கும். இறாலின் கழிவு, மிஞ்சிய தீனி, அழுகின இலை எல்லாவற்றிலிருந்தும் அது வருகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா, தண்ணீரை வடிகட்டுகிற ஸ்பாஞ்சிலும் மண்ணிலும் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். பாலை வைத்தால் மட்டும் தயிர் ஆகுமா, உறை ஊற்ற வேண்டாமா? நன்றாக ஓடுகிற பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் வருகிற பழுப்புத் தண்ணீர்தான் இதற்கு உறைமோர். உன் பக்கத்து வீட்டில் மீன் தொட்டி இருப்பதாக முன்பு எழுதினாயே, அங்கே ஒரு டம்ளர் கேள். ஆனால் மீனுக்குச் சமீபத்தில் மருந்து ஊற்றினார்களா என்று முதலில் விசாரித்துக்கொள். சில மீன் மருந்துகளில் செம்பு இருக்கும். மீன் தாங்குகிற அளவு செம்பை இறால் தாங்காது.

இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் தெருவுக்குச் சிறுவாணி வருகிறது. குடிக்க அதைப்போல் தண்ணீர் உண்டா! ஆனால் அது மென்னீர். இறாலுக்கு ஓடு கட்டக் கால்சியமும் மக்னீசியமும் வேண்டும், அவை அந்தத் தண்ணீரில் போதாது. நாம் வளர்க்கிற இந்தச் சின்னச் செர்ரி இறாலுக்கு டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற மொத்த உப்பு, 150 முதல் 250 வரையும், ஜிஹெச், அதாவது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மை, 6 முதல் 8 வரையும் இருந்தால் நல்லது. இறாலுக்கென்றே தாது உப்புப் பொடி விற்கிறார்கள், ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்று. பறவைக் கடையில் கிடைக்கிற கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றையும் தொட்டியில் போட்டு வை. அது மெல்லத்தான் கரையும், அதை மட்டும் நம்பிவிடாதே.

எனக்கு நேர் எதிரான தொல்லை. எங்கள் போர் தண்ணீரில் மீட்டரை வைத்தால் 1,000-ஐத் தொடுகிறது. ஆர்ஓ தண்ணீர் 40. நாலு குடம் ஆர்ஓவுக்கு ஒரு குடம் போர் என்று கலந்தால் 230 சொச்சம் வரும். இந்தக் கணக்கைத்தான் நான் முதலில் நம்பியிருந்தேன். பிறகுதான் புரிந்தது, மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், அதில் சோற்று உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. 230 இருக்கிறதே என்று இருந்தேன், ஓடு கட்டுகிற சத்து அதில் பாதிகூட இல்லை. ஜிஹெச் பார்க்கிற சொட்டு மருந்துக் கிட் வாங்கிய பிறகே நிலைமை தெரிந்தது. இரண்டும் உன்னிடம் இருக்கட்டும்.

நான் இழந்ததை உனக்கு இதுவரை விவரமாக எழுதியதில்லை. கொளத்தூரில் 20 செர்ரி வாங்கி, 2 அடித் தொட்டியில் விட்டேன். ஆறு மாதத்தில் நூறுக்கு மேல் ஆகிவிட்டன. மாஸ் என்கிற நீர்ச்செடிக்குள் எங்கே கை வைத்தாலும் சிவப்பாகத் துள்ளும். ஐப்பசி மழையில் கொசு தாங்காமல், பிளக்கில் செருகுகிற கொசு மருந்தை ஒரு ராத்திரி ஹாலில் போட்டேன். பக்கத்திலேயே ஏர் பம்ப். ஹாலின் காற்றை இழுத்து அது தொட்டிக்குள் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் விளக்கைப் போட்டால், சில இறால்கள் மேலே கீழே தெரியாமல் சுழன்று சுழன்று நீந்துகின்றன. மற்றவை பக்கவாட்டில் சாய்ந்து காலை மட்டும் உதறிக்கொண்டிருந்தன. கொசுவும் இறாலும் ஒரே கணுக்காலி வம்சம், கொசுவின் நரம்பைத் தாக்குகிற மருந்து இறாலையும் அப்படியே தாக்கும். அது தெரிந்தபோது மணி பத்து. வேறு தண்ணீருக்கு மாற்றியதில் பிழைத்தவை 11. அன்று நான் சமைக்கவில்லை கோமு.

இப்போது ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தாகிவிட்டது, வீட்டில் அந்த மருந்து கிடையாது. கடைக் கீரையும் தொட்டிக்குப் போவதில்லை. என்ன தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. மொட்டை மாடித் தொட்டியில் வளர்கிற முருங்கையின் இலையை வெந்நீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்து இரண்டு நாளைக்கு ஒரு தரம் போடுகிறேன். ஒரு கொத்தை இருபது இறால் சூழ்ந்துகொள்ளும். மறுநாள் நரம்பு மட்டும் மிஞ்சும். வாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்று எப்போதும் அடியில் கிடக்கும். இலையைவிட, இலைமேல் படிகிற வழுவழுப்பான படலம்தான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. அந்தப் படலம் படியாத புதுத் தொட்டியில் குஞ்சு பொரித்தாலும் தங்காது.

இரண்டாவது இழப்பு நிதானமாக வந்தது, அதுதான் எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது. அந்த 11 பெருகி நாற்பதுக்கு மேல் ஆனபோது, மகள் வீட்டுக்குப் போய் 12 நாள் தங்கிவிட்டு வந்தேன். தொட்டி நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியில் மட்டும் கொஞ்சம் பாசி. எனக்கு அது பொறுக்கவில்லை. தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டு வெறும் ஆர்ஓவை ஊற்றி நிரப்பினேன். 240-லிருந்து 140-க்கு ஒரே மதியத்தில் இறங்கியிருக்கிறது. அன்றும் மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெரிய பெட்டை மாஸ்மேல் அசையாமல் நின்றது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தலையோடும் உடம்பும் சேருகிற இடத்தில், கழுத்தைச் சுற்றி நூல் கட்டினது மாதிரி ஒரு வெள்ளை வளையம்.

பாம்பு சட்டை உரிப்பதுபோல இறாலும் ஓட்டைக் கழற்றித்தான் வளரும். முதுகுப்பக்கம் ஒரு மூட்டு திறந்துகொள்ளும், அதன் வழியாக வெடுக்கென்று ஒரே உதறலில் வெளியே வந்துவிடும். உள்ளே புது ஓடு தயாராகி இருக்க வேண்டும். தண்ணீர் திடீரென்று மாறினால் நேரம் வருவதற்குள் உரிக்கத் துணிகிறது. மூட்டு முதுகில் மட்டும் திறக்காமல் சுற்றிலும் விட்டுவிடும், முன்பாதியும் போகாது பின்பாதியும் போகாது. அந்தப் பெட்டை வாலை மடக்கி மடக்கி உதறிற்று. கொஞ்சம் நிற்கும், மறுபடி உதறும். ஊசி முனையால் எடுத்துவிடலாமா என்று கைவரைக்கும் வந்தது. தொட்டால் உள்ளே இருக்கிற மெல்லிய தோல் கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் வரை உயிர் இருந்தது. அந்த வாரத்தில் ஒன்பது அப்படிப் போயின.

அதற்கப்புறம் வாரம் ஒரு தரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் மாற்றுகிறேன். தொட்டியில் எவ்வளவு டிடிஎஸ்ஸோ அதே அளவுக்குக் கலந்து, ஏர் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் மட்டும் வெறும் ஆர்ஓ. ஆவியாகிறபோது தண்ணீர்தானே போகிறது, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. கண்ணாடிப் பாசியை முன்பக்கம் மட்டும் துடைக்கிறேன். பின்பக்கம் பச்சையாகவே கிடக்கிறது, குஞ்சுகள் நாள் முழுக்க அங்கேதான் மேய்கின்றன.

கண்ணாடி மாதிரி வெளிறிப்போய் இரண்டு செத்துக்கிடந்தன, எடுத்து எறிந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அவை செத்தவை இல்லையடி, கழற்றிப் போட்ட சட்டை. செத்த இறால் வேக வைத்ததுபோல் வெளிர்சிவப்பாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். சட்டை வெறும் கூடாக இருக்கும். அதை எடுக்காதே, இறால்களே அதைத் தின்று சுண்ணாம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

2023 டிசம்பர் புயலில் எங்களுக்கு இரண்டு நாள் மின்சாரம் இல்லை. தீனியை நிறுத்திவிட்டு, சொம்பில் தண்ணீரை மொண்டு ஒரு முழம் உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தோம், அவரும் நானும் முறைவைத்து. ஒன்றுகூடச் சாகவில்லை. பேட்டரி பம்ப் அதற்குப் பிறகுதான் வாங்கினேன். கத்திரி வெயிலில் தண்ணீர் 32 டிகிரிக்கு ஏறும், அப்போது மூடியைத் திறந்து சின்ன மின்விசிறியை மேற்பரப்பில் படும்படி வைத்தால் 2, 3 டிகிரி இறங்குகிறது. கோவையில் உனக்கு அந்தக் கஷ்டம் குறைவு.

போன மாதம் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சினைப் பெட்டை கண்ணாடியை ஒட்டி நின்றது. வயிற்றுக்கடியில் 25 முட்டை இருக்கும், கடுகைவிடச் சின்னது. நீச்சல் கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டே, நடுநடுவே பின்கால் ஒன்றை நீட்டி ஒவ்வொரு முட்டையாகத் தொட்டுப் புரட்டி வைக்கிறது, நம் அம்மா வெயிலில் வடாம் திருப்பிப் போடுவாளே, அந்த மாதிரி. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளி. கண்! உள்ளிருந்து நம்மைப் பார்க்கிறது. நாலாம் நாள் காலையில் வயிறு காலி. மாஸில் தேடினால், கண்ணிமை முடி நீளத்தில் பாதிகூட இல்லாத குஞ்சு, தாயின் அச்சு அசலாக, மீசையெல்லாம் வைத்துக்கொண்டு நிற்கிறது. எல்லா இறாலும் இப்படி இல்லை. பாசி தின்ன வாங்குகிறோமே, அந்த அமானோ இறாலின் குஞ்சு உப்பு கலந்த தண்ணீர் இல்லாமல் பிழைக்காது. செர்ரி நம் வீட்டுக்குள்ளேயே வம்சம் பெருக்குகிறது, அதுதான் எனக்கு அதன்மேல் இத்தனை ஒட்டுதல்.

ஒரு தவறும் செய்தேன். ஆசைப்பட்டு மஞ்சளும் நீலமும் வாங்கி அதே தொட்டியில் விட்டேன். எல்லாம் ஒரே இனம், வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து நிறத்தைப் பிரித்திருக்கிறார்கள். கலந்து குட்டி போட்டதும் நிறம் கரைந்துவிட்டது. இரண்டு மூன்று தலைமுறையில் பாதிக்கு மேல் பழுப்பு, சில நிறமே இல்லாமல். சீனாவிலும் தைவானிலும் ஓடைகளில் திரிகிற அசல் செர்ரியின் நிறம் அதுதான். இந்தப் பழுப்பை ஒதுக்கிவிடு, விலை போகாது என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் அதை உள்ளங்கைத் தண்ணீரில் எடுத்துப் பார்த்தபோது, நம் ஊர்ப் பாளையங்கால்வாயில் நீயும் நானும் தாவணியை விரித்துப் பிடிப்போமே, மணல் நிறத்தில் உடம்பு தெரியாமல் கண் மட்டும் தெரிகிற கூனி இறால், அது ஞாபகம் வந்துவிட்டது. அது நம் ஆற்றின் பிள்ளை, இது வேறு தேசத்துப் பிள்ளை. இருந்தாலும் நிறம் ஒன்றுதான். அவற்றுக்குத் தனியாக ஒரு கண்ணாடித் தொட்டி வைத்துவிட்டேன். சிவப்பு வேண்டும் என்றால் சிவப்பை மட்டும் வை, கலக்காதே.

எத்தனை பெருகினாலும் வாய்க்காலிலோ குளத்திலோ மட்டும் விடாதே. ஜெர்மனியில், மின்நிலையத்தின் வெந்நீர் கலக்கிற ஓடை ஒன்றில் இந்தச் செர்ரி குடியேறிப் பெருகிக் கிடக்கிறது, குளிர் தேசத்திலேயே. நம் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். நம் வாய்க்கால் கூனிக்கு அது வினையாகிவிடும்.

தை கடைசியில் உன் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா? இன்றிலிருந்து கணக்குப் போட்டால் பத்து வாரம். தொட்டியை உறைமோர் ஊற்றி, ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, பம்ப் ஓடவிட்டு, இறால் இல்லாமலே அப்படியே வைத்திரு. தை பிறந்ததும் யார் இங்கே வந்தாலும் உன் தொட்டித் தண்ணீர் இரண்டு லிட்டர் கொடுத்தனுப்பு. டிடிஎஸ், ஜிஹெச் இரண்டும் பார்த்துவிட்டு, இங்கே ஒரு சின்னத் தொட்டியில் 15 சிவப்பை அதே அளவுக்குப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடுகிறேன். கிளம்புகிற முதல்நாள் தீனி போடமாட்டேன். கவரில் ஒரு பிடி மாஸும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி காற்றுமாகக் கட்டித் தெர்மகோல் பெட்டியில் வைத்துத் தருகிறேன். சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியற்காலை கோவை. வீட்டுக்குப் போனதும் கவரை அப்படியே கவிழ்த்துவிடாதே, உன் தொட்டித் தண்ணீரை இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பிறகு விடு.

பழுப்பு வேண்டுமானால் நாலு தனியாகக் கட்டி வைக்கிறேன், எழுது.

அன்புடன்,
உன் ராசு




பி.கு.: கொசு மருந்து உங்கள் ஹாலில் இருந்தால் இன்றைக்கே பிடுங்கிவிடு.