இஸ்திரி வண்டி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்து எங்களை விட்டுப் போன அந்தப் பத்து நாள் எப்படிப் போனது என்று மறுபடி எழுதத் தெம்பில்லை. உங்களுக்கெல்லாம் தெரியும், கூடவே இருந்தீர்கள். ரத்தம் கொடுத்த பிள்ளைகள், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாமாக்கள், எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கவே விடாத தெருப் பெண்கள், மலர்வளையத்தோடு வந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்த அப்பாவின் பட்டாளத்துக் கூட்டாளிகள், எல்லோருக்கும் கும்பிடு. பெயர் பெயராக எழுதினால் யாராவது விட்டுப்போவார்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணி. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த அப்பாவின் கோட்டு ஒரே சுருக்கம், அந்துருண்டை வாசனை. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார். கரி கனியும்வரை பதக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டில் இருந்த அதே வரிசையில் வண்டி ஓரத்தில் அடுக்கினார். "வரிசை மாறிடக் கூடாதும்மா, ஐயா கோச்சுக்குவாரு." ஈரத் துண்டை மேலே விரித்து அழுத்தாமல் தேய்த்தார். நேரடியாகச் சூடு பட்டால் கம்பளித் துணி பளபளத்துவிடுமாம்.

நட்சத்திரம் மாதிரி இருந்ததைக் காட்டி, இது எதற்குக் கொடுத்தது என்றார். பஸ்சிமி ஸ்டார், பாகிஸ்தானோடு நடந்த 1971 சண்டையில் மேற்கு எல்லையில் இருந்ததற்கு என்றேன். அப்பா மெட்ராஸ் சேப்பர்ஸ், ராணுவத்தின் பொறியாளர் படை. பசந்தர் ஆற்றங்கரையில் டாங்கிகளுக்கு வழி செய்யக் கண்ணிவெடி எடுத்தவர். வேலை பாதியில் இருக்கும்போதே எதிரி டாங்கிகள் நெருங்கிவிட்டதாகத் தகவல் வர, நம் டாங்கிகள் மிச்சக் கண்ணிவெடிகளுக்கு நடுவிலேயே போயின. அதில் போன டாங்கிப் படை இளம் அதிகாரி அருண் கேத்தர்பாலுக்கு வயது 21. மறுநாள், டிசம்பர் 16, உயிரோடு இல்லை. அப்பாவுக்கும் அப்போது 21தான். அந்த மிச்சத்தைப் பற்றி அப்பா கடைசிவரை புலம்பினார். 2025 மே மாதம் டிவியில் பாகிஸ்தானோடு சண்டை சண்டை என்று கத்தியபோது சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இவனுங்கள்ல எவனாவது ஒரு கண்ணிய எடுத்திருப்பானா?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே பதக்கங்களைத் திரும்பக் குத்திய அண்ணன் அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "என் பையனும் அக்னிவீரா போயிருக்கான்மா. ஜம்மு பக்கம்." இத்தனை வருஷமாக அவரிடம் துணி போடுகிறேன், இது எனக்குத் தெரியாது.

அக்னிவீர் என்றால் ராணுவத்தில் நான்கு வருஷம்தான். முடிந்ததும் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மற்றவர்களுக்குக் கையில் ஒரு தொகை உண்டு, பென்ஷன் கிடையாது. அப்பாவின் பென்ஷனில் படித்தவள் நான். இதைச் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை, யார் கோபித்துக்கொண்டாலும்.

அண்ணே, காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டீர்கள். சரி. பையன் பெட்டியோடு ஊருக்கு வந்து இறங்கும்போது, மேலே படிப்போ வேலையோ எதுவானாலும், மனு எழுதவும் ஆபீஸ் ஆபீஸாக அலையவும் நான் கூட வருவேன். அப்பாவின் பென்ஷன் காகிதங்களோடு அலைந்த பழக்கம் இருக்கிறது.

உங்கள் ஈரத் துண்டு கோட்டோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், காய்ந்ததும் கொண்டுவந்து தருகிறேன்.