நாலு வகை இழை எதற்கு?

அன்புள்ள மகளுக்கு,

ஒரே ஒரு செல்லாலான நுண்ணுயிருக்கு எதற்கு நாலு வகை மயிரிழை என்று போனில் கேட்டாய். அவசரமாகச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ வளர்க்கப்போகும் சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ் பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா; பார்க்க பாக்டீரியா போலிருந்தாலும் தனியொரு உயிர்க்கிளை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா வெந்நீர் ஊற்றுகளில் கண்டெடுத்து, நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்கும் உடனிருந்தவர்களும் 1972-இல் பெயரிட்டார்கள். 75 டிகிரி செல்சியஸ் சூடும் நல்ல புளிப்பான அமிலமும் இருந்தால்தான் அது செழிக்கும்.

இழைகளில் ஒன்று ஆர்க்கெல்லம். உணவு குறைந்தால் முளைக்கும். செல்லின் எரிபொருளான ஏடிபி-யைச் செலவழித்துச் சுழன்று செல்லை நீந்த வைக்கும். இன்னொன்று ஆப் பைலை, பரப்புகளில் ஒட்டிக்கொள்ள. நூல் எனப்படும் மூன்றாவதுதான் இருப்பதிலேயே மெல்லியது, சுமார் 5 நானோமீட்டர். அதில் ஒவ்வொரு புரதமும் தன் ஒரு சிறு துண்டைப் பக்கத்துப் புரதத்துக்குள் செருகி, கைகோத்து நிற்பதுபோல் நிற்கிறது. மேலே சர்க்கரைச் சங்கிலிகளும் அடர்ந்திருக்கின்றன. சாதாரணப் புரதம் வெந்து உருக்குலையும் சூட்டில் இது தாங்குவது சும்மா இல்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது நான்காவது, அப்ஸ் பைலை. புறஊதாக் கதிர் பட்டு டிஎன்ஏ சிதைந்ததும் செல் இதை ஏராளமாக முளைக்கவிடும். சில மணி நேரத்தில் செல்கள் ஒன்றையொன்று பற்றிக் கொத்தாகச் சேர்ந்துவிடும். அப்புறம் டிஎன்ஏ-வைப் பரிமாறிக்கொண்டு, அடுத்த செல்லின் நல்ல பிரதியைப் பார்த்துத் தன் உடைந்த பகுதியைச் சரிசெய்யும். யாரை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்வதும் இல்லை. செல்லின் மேலுறையில் உள்ள சர்க்கரையை வைத்துத் தன் இனத்தை அடையாளம் காண்கிறது. எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

இந்த இழைக்கான மரபணுவை நீக்கினால் செல்கள் கூடுவதில்லை, கதிரில் சாவதும் அதிகம். உன் முதல் சோதனையை இதில் வைத்துக்கொள் என்பது என் யோசனை: சாதாரண வகை, மரபணு நீக்கிய வகை இரண்டையும் ஒரே அளவு கதிரில் காட்டி, மூன்று மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார். கொத்து தெரிந்தால் படத்தை உடனே அனுப்பு, நடு ராத்திரியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா