கூலி தானாக உயரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக் கொள்ளைநோயான கறுப்பு மரணம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1347-ல் சிசிலியின் மெசினா துறைமுகத்தில் நோய் வந்திறங்கியதை மனதில் பதியும்படி எழுதியிருந்தார்கள். ஆனால், 'ஆள் குறைந்தது, கூலி தானாக உயர்ந்தது, பண்ணையடிமை முறை ஒழிந்தது' என்று ஒரே வரியில் முடித்தது எனக்கு உறுத்துகிறது. தானாக எதுவும் உயரவில்லை.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். 1348-ல் நுழைந்த நோய், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத மக்களைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். அரசன் மூன்றாம் எட்வர்டு, சாவு ஓயும் முன்பே 1349 ஜூனில், பழைய கூலிக்குத்தான் வேலை செய்ய வேண்டும் என்று ஆணை போட்டான். 1351-ல் நாடாளுமன்றம் இன்னும் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. அதில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. புல் உலர்த்தும் வேலைக்கு நாளுக்கு ஒரு பென்னி என்ற சிறு காசு. கதிர் அறுக்க ஆகஸ்ட் முதல் வாரம் 2 பென்னி, அடுத்த வாரம் 3. வேலை தேடுபவர்கள் தங்கள் கருவிகளை எல்லோரும் பார்க்கக் கையில் ஏந்திக்கொண்டு சந்தை ஊருக்கு வந்து, பொது இடத்தில்தான் நிற்க வேண்டும். மறைவாகக் கூலி பேசக் கூடாது. பணிய மறுப்பவர்களை மாட்டிவைக்க ஊருக்கு ஊர் தொழுமரம், அதாவது காலைப் பூட்டிவைக்கும் மரச்சட்டம், செய்யவும் உத்தரவு.

மறைவாகப் பேசாதே என்று சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், நாடெங்கும் அதுதான் நடந்துகொண்டிருந்தது என்று பொருள். கூலிக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த ஊருக்குப் போனார்கள். அங்கிருந்த நிலக்காரர், அறுவடை முடிந்தால் சரி என்று கேட்டதைக் கொடுத்தார். தொழுமரத்துக்குப் பயப்படாமல் நடந்தவர்களின் கால்கள்தான் அந்தச் சட்டத்தை முறித்தன. 1381-ல் ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரியை எதிர்த்து எழுந்தவர்கள் லண்டன் வரை வந்து, 14 வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டிடம் அடிமை முறையை நீக்கு, ஏக்கருக்கு 4 பென்னி குத்தகை போதும் என்று கேட்டார்கள். அவன் ஒப்புக்கொண்டான். மறுநாளே தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டார். கொடுத்த வாக்கும் போயிற்று. ஆனாலும் அடுத்த நூறு ஆண்டுகளில் பண்ணையடிமை முறை அங்கே தேய்ந்து மறைந்தது.

ஜெர்மனியில் ஓடும் எல்பே நதிக்குக் கிழக்கே நடந்தது நேர்மாறு. அங்கும் ஆள் போதவில்லைதான். பண்ணையார்கள் குடியானவர்களை நிலத்தோடு இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் அந்தக் கட்டு முன்பைவிட வலுத்திருந்தது. ஆள் குறைந்தாலே விடுதலை என்றால் இது எப்படி நடக்கும்?

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டுஷயரில் ஆஷ்வெல் என்ற ஊரின் தேவாலயக் கோபுரச் சுவரில், 1350-ல் யாரோ லத்தீனில் கீறிவைத்த வரிகள் இன்றும் இருக்கின்றன. கொடிய நோய்க்குச் சாட்சி சொல்ல, மக்களில் கடைப்பட்டவர்களே மிஞ்சியிருக்கிறார்கள் என்கிறது அது. அந்தக் கடைப்பட்டவர்கள்தான் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தவர்கள். தொடரின் அடுத்த பகுதியில் அவர்களைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்