உன் கடையும் என் கடையும்

மதுரை
14.9.2025

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. வைகையில் தண்ணீர் ஓடுகிறது, கல்பாலத்தில் நின்று பார்க்க ஆள் கூடுகிறது.

படிக்கப் போன இங்கிலாந்தில், நிக்கோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கிற மின்-சிகரெட் விற்கும் வேப் கடையில் வேலைக்குச் சேர்ந்ததை அம்மாவிடம் மட்டும் சொல்லி, "அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டாயாம். மூன்று வாரம் மனசுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, போன வாரம் சோறு போடும்போது சொல்லிவிட்டாள். நான் திட்டுவேன் என்று நினைத்தாயா தாயி? 1991-இலிருந்து 27 வருஷம் சிம்மக்கல்லில் பீடியும் சிகரெட்டும் வெற்றிலையும் விற்ற காசில்தான் நீ படித்தாய். உன்னைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வியாபாரம் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

நான் கேட்டதும் கடையைச் சுற்றிக் காட்டி வீடியோ அனுப்பினாயே, அதை ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டேன். அம்மா உன் முகத்தைப் பார்த்தாள், மெலிந்துவிட்டாய் என்றாள். நான் கடையைப் பார்த்தேன். ஊதா வெளிச்சம், கண்ணாடி அலமாரிக்குள் பேனா போலவும் தீப்பெட்டி போலவும் அடுக்கிய கருவிகள், மூலையில் ஒரு கறுப்பு சோபா, மெல்லிசாகப் பாட்டு. கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க, வேப்பில் ஊற்றுகிற சுவைத் திரவம் அடைத்த சின்னச் சின்ன பாட்டில்கள். நீ பேசிக்கொண்டே கேமராவைத் திருப்பியபோது பெயர்களைப் படித்துப் பார்த்தேன். மாம்பழம், தர்பூசணி, திராட்சை, அன்னாசி, புதினா. நம் கடை பழக்கடைகளுக்கு நடுவில் இருந்ததா, அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்கு சிம்மக்கல் வாசனையே வந்துவிட்டது. விடிகாலை 3 மணிக்கு லாரி வந்து நின்றதும் வைக்கோலும் மாம்பழமுமாக ஒரு வாசம் தெருவையே நிறைக்கும்.

அழகான கடை பாப்பா. வைத்தவர் தொழில் தெரிந்தவர். வந்தவன் உடனே போகக் கூடாது, நின்று பார்க்க வேண்டும், உட்கார வேண்டும், பேச வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார். நானும் அப்படித்தான் யோசித்தேன். நாலடிக்கு ஆறடிப் பெட்டிக்கடை. முன்பக்கம் வாழைத்தார், அதற்கு மேலே கிளிப் போட்ட வாரப் பத்திரிகைகள், பின்சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. தலை சீவிக்கொள்ளவென்றே இளவட்டங்கள் வந்து நிற்பார்கள், நின்றவன் சும்மா போவானா? சோழவந்தான் வெற்றிலையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பேன். அந்த வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தபோது எனக்கே கொடுத்த மாதிரி இருந்தது. கடையின் இடது பக்கத்தில் கயிறு தொங்கும். நுனி எப்போதும் கனன்றுகொண்டே இருக்கும், பீடி பற்றவைக்க. அந்தக் கயிற்றைப் பிடித்துக் குனிந்து, பற்றவைத்து, நிமிர்ந்து முதல் இழுப்பை விடுகிற நேரத்தில்தான் மனுஷன் மனசு திறப்பான். மகள் கல்யாணம், முதலாளி ஏசியது, தங்கம் தியேட்டரில் என்ன படம் என்று எல்லாம் அந்தக் கயிற்றடியில்தான் பேசுவார்கள். சுமை தூக்குகிறவர் தூரத்தில் வரும்போதே என் கை தானாக அவர் பீடிக்கட்டை எடுத்து முன்னால் வைக்கும். அவர் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. தன்னை ஒருத்தன் ஞாபகம் வைத்திருக்கிறான் என்கிற அந்தச் சந்தோஷத்துக்காகவே நாலு கடை தாண்டி நம் கடைக்கு வருவார்கள். உங்கள் கடையில் அந்த சோபாவும் வெளிச்சமும் ஆளை ஒருமுறை உள்ளே இழுக்கும். மறுபடி வரவைப்பது நீதான்.

இனி நான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று.

1996 என்று நினைவு. ஒரு சிகரெட் கம்பெனி ஆள் வாராவாரம் வருவார், நல்ல பேச்சுக்காரர். கடைக்கு இலவசமாக பெயிண்ட் அடித்துக் கொடுத்தார், பலகை மாட்டினார். ஒருநாள், "அண்ணாச்சி, பாக்கெட்டையெல்லாம் ஏன் மேல் தட்டில் வைக்கிறீங்க? மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைங்க, சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குப் படட்டும், நாளைய கஸ்டமர் அவங்கதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் எடுத்து வைத்தேன். கடலைமிட்டாய் ஜாடி, தேன்மிட்டாய் ஜாடி, அடுத்தது சிகரெட். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

செல்லூரிலிருந்து ஒரு பையன் வருவான். பதிமூன்று வயசு இருக்கும், அரைக்கால் சட்டை. முதலில் தேன்மிட்டாய். அப்புறம் ஒருநாள், "அப்பாவுக்கு ஒரு சிகரெட்". அவன் அப்பா பீடி குடிக்கிறவர் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கொடுத்தேன். அவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, கயிற்றுப் பக்கம் போனான். உயரம் எட்டாமல் கயிற்றைக் கீழே இழுத்தான். பொறி பட்டு விரலை உதறிக்கொண்டான். ஒரு இழுப்பு இழுத்ததும் கண்ணில் தண்ணீர் முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். நான் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். "டேய்" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் ஓடியிருப்பான். போடவில்லை. 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று 2003-இல் மத்திய அரசு சட்டம் போட்டபோது அவன் குடிக்க ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. போன மாதம் கீழமாசி வீதியில் பார்த்தேன். மூட்டை தூக்குகிற வேலையை விட்டுவிட்டானாம், நாலு படி ஏறினால் உட்கார வேண்டியிருக்கிறதாம். "அண்ணாச்சி, பாப்பா வெளிநாட்டில் இருக்காமே" என்று அத்தனை சந்தோஷமாகக் கேட்டான். இருமல் முடிந்து மறுவார்த்தை வர ரொம்ப நேரம் ஆனது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

அதனால்தான் அந்தப் பழச்சுவரைப் பார்த்ததும் எனக்கு மிட்டாய் ஜாடி ஞாபகம் வந்தது.

நீ சொல்வதும் எனக்குப் புரிகிறது. ஆளைக் கொல்வது நெருப்பில் எரிகிற புகையிலைதான், அதில் வருகிற தாரும் கார்பன் மோனாக்சைடும்தான், இதில் எதுவும் எரிவதில்லை, திரவம் சூடாகி ஆவியாகிறது என்றாய். நானும் தேடிப் படித்தேன். புகைப்பதைவிட இது தீங்கு குறைந்தது, ஆனால் தீங்கே இல்லாதது இல்லை, புகைக்காதவர்களும் பிள்ளைகளும் தொடவே கூடாது என்றுதான் உங்கள் ஊர் அரசு மருத்துவத் துறையும் சொல்கிறது. இதைக் கண்டுபிடித்த சீன மருந்தாளர் ஹான் லிக்கும் பெரிய புகைபிடிப்பாளராம், தன் பழக்கத்தை விடத்தான் 2003 வாக்கில் இதைச் செய்தாராம். சரி. நிக்கோட்டின் என்கிற கயிறு மட்டும் இதிலும் இருக்கிறது. அது பிடித்தால் விடாது.

உன் கடைக்கு வருகிற பஸ் டிரைவர் தாத்தா பற்றி நீ சொன்ன கதையை மறுபடி மறுபடி அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாற்பது வருஷம் சிகரெட் குடித்தவர். முதல் நாள் வந்தபோது, ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று நீ கேட்டாயாம். எடுத்ததுமே நிக்கோட்டினைக் குறைவான அளவில் கொடுத்தால் பற்றாமல் மறுநாளே சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவார் என்று, அங்கே சட்டம் விடுகிற உச்ச அளவான மில்லிக்கு 20 மில்லிகிராமில் ஆரம்பித்து, பிறகு 12, இப்போது 6 என்று இறக்கியிருக்கிறாய். திரவத்தைச் சூடாக்குகிற கம்பிச்சுருளைப் புதிதாகப் போட்டால் அதிலுள்ள பஞ்சு நன்றாக ஊற வேண்டும், உடனே இழுத்தால் கருகிய ருசி தொண்டையைப் பிடிக்கும் என்று அவரைப் பத்து நிமிஷம் சோபாவில் உட்காரச் சொல்லி, அந்தப் பத்து நிமிஷமும் அவர் பேத்தியைப் பற்றிப் பேசவிட்டாயாம். பாப்பா, என் 27 வருஷத்தில் ஒரு மனுஷனைக்கூட நான் இப்படி இறக்கிவிட்டதில்லை, எல்லோரையும் ஏற்றித்தான் விட்டேன். பழச்சுவை இல்லாவிட்டால் அவர் புகையிலை ருசியை மறந்திருக்க மாட்டார் என்கிறாய். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதே சுவரை வெளியே தெருவில் போகிற பிள்ளையும் பார்க்கிறது. உங்கள் ஊரில் சிகரெட்டைப் பெரிய கடைகளில் 2012-இலும் சின்னக் கடைகளில் 2015-இலும் மூடி வைக்கச் சொல்லிவிட்டார்கள், பாக்கெட்டின் நிறத்தையும் பறித்துவிட்டார்கள். சிகரெட் இழந்த அத்தனை நிறமும் இந்தப் பாட்டில்களிலும் பெட்டிகளிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. தீர்ந்ததும் தூக்கி எறிகிற வேப்பை 2025 ஜூன் 1 முதல் தடை செய்தார்களே, அது நல்லதுக்குத்தான். பிள்ளைகள் கைக்கு அதுதான் மலிவாகப் போய்ச் சேர்ந்தது.

எனக்கு உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். 25 வயதுக்குக் கீழே தெரிகிற யாராக இருந்தாலும் அடையாள அட்டை கேட்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். கடையில் கூட்டமாக இருந்தாலும், முதலாளி முறைத்தாலும் கேள். வெளியே ஒரு பையன் நிற்க, பெரியவன் ஒருத்தன் உள்ளே வந்து எது வேண்டும் என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தால், அந்த "அப்பாவுக்கு ஒரு சிகரெட்"தான் அது. இன்னொன்று, இதைச் சட்டம் கேட்காது, நான் கேட்கிறேன். உன் வயசுப் பிள்ளைகள், வாழ்க்கையில் ஒரு சிகரெட் தொடாதவர்கள், வாசனை நன்றாக இருக்கிறதே என்று உள்ளே வருவார்கள். இருபது வயசு, அட்டையும் இருக்கும். "நீ புகைப்பாயா?" என்று கேள். இல்லை என்றால், "அப்படியானால் இது உனக்கு வேண்டாம்" என்று அனுப்பிவிடு. உனக்கு முகராசி உண்டு, நீ சொன்னால் கேட்பார்கள். அந்த ராசியை அவர்கள் பக்கம் திருப்பி விற்றுவிடாதே. இதற்காக முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும். படிப்பு விசாவில் இருக்கிற உன்னை, வகுப்பு நடக்கிற நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க விடப்போவதில்லை, அந்தச் சம்பளம் எவ்வளவோ அதை நான் எப்படியாவது அனுப்பிவைக்கிறேன். கடை இருந்த இடத்து வாடகை வந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்புறம் சித்தப்பா விஷயம். பீடியை விட உதவும், சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது ஒரு வேப் வாங்கி வா என்று உனக்கு வாட்ஸப் அனுப்பினானாம். கொண்டுவராதே. இங்கே தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரிலேயே தடை போட்டுவிட்டது, மறுவருஷம் நாடு முழுக்கத் தடை. இறக்குமதியும் குற்றம், முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். சுங்கத்தில் உன் பெட்டியைத் திறந்து நிற்க வைத்தால் அம்மா தாங்க மாட்டாள். அவனுக்கு நான் வேறு வழி பார்த்திருக்கிறேன். 1800-11-2356 என்று புகையிலையை விடுவதற்கான அரசு இலவச எண் இருக்கிறது. நானே பக்கத்தில் உட்கார்ந்து பேச வைத்தேன். மருந்துக்கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மிட்டாய் மாதிரி விடாமல் மென்றான், விக்கல் எடுத்தது. கொஞ்சம் மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த பிறகு பரவாயில்லை. ஒன்பது நாள் ஆகிறது. மூன்றாம் நாள் ராத்திரி ஒரு பீடி குடித்துவிட்டு வந்து தானாகவே சொன்னான்.

செல்லூர்க்காரனுக்கும் அந்த எண்ணை எழுதிக் கொடுக்க நாளைக்குப் போகிறேன். என்ன முகத்தோடு போவது என்று தெரியவில்லை, ஆனாலும் போகிறேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய். காதை மூடிக்கொள். கடைக்குள் எந்நேரமும் அந்த ஆவி நிற்கிறது என்றால் அடிக்கடி கதவுப் பக்கம் போய் நில். நீ மட்டும் ருசி பார்க்கிறேன் என்று எதையும் இழுத்துவிடாதே.

அந்த டிரைவர் தாத்தா அடுத்த தடவை வரும்போது 3-க்கு இறங்கினாரா என்று கேட்டு எழுது. அம்மாவும் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்
அப்பா