விருதுநகர் மாவட்டத்தில் உலர் துறைமுகம் அமைக்க மேடான இடம் தேர்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பேண்டேஜ் துணி நெய்யும் சிறு உற்பத்தியாளர்கள்,
சத்திரப்பட்டி, இராஜபாளையம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: கன்டெய்னர் ஏற்றவும் சுங்கச் சோதனை முடிக்கவும் ரயில் இணைப்புள்ள உலர் துறைமுகத்துக்கு (கடலோரம் அல்லாத உள்நாட்டுச் சரக்கு முனையத்துக்கு) இடம் பரிந்துரைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஏற்றுமதிச் சரக்கு தூத்துக்குடி போய்த்தான் சோதனை முடிந்து கன்டெய்னரில் ஏறுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது தூத்துக்குடி நகரமே தண்ணீரில் நின்றது. ரயிலும் சாலையும் துண்டிக்கப்பட்டன. அங்கே குடோனில் இருந்த எங்கள் துணிப் பொதிகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. காயத்துக்குக் கட்டும் துணிக்கு ஈரத்தை உறிஞ்சுவதே குணம். அடி வரிசை நனைந்தால் ஈரம் மேல் வரிசைக்கும் ஏறிவிடும். ஒருமுறை நனைந்ததை எந்த மருத்துவமனைக்கும் அனுப்ப முடியாது.

ஆகவே சோதனையும் சீல் வைப்பதும் நம் மாவட்டத்திலேயே முடிய வேண்டும். விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவே, நான்குவழிச் சாலையும் ரயில் பாதையும் அருகருகே போகும் துலுக்கபட்டி பக்கம் பொருத்தமாக இருக்கும் என்பது எங்கள் எண்ணம். தூத்துக்குடிப் பாதை அடைபட்டாலும் விருதுநகர் சந்திப்பிலிருந்து மானாமதுரை, திருச்சி வழியாகச் சென்னைக்கோ, மதுரை, பழனி, பாலக்காடு வழியாகக் கொச்சிக்கோ சரக்கைத் திருப்பிவிடலாம். இந்த வசதி இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய முனையம் கட்டினாலும் வெள்ளக் காலத்தில் பயன்படாது.

தனியாக ஒரு கன்டெய்னரை நிரப்பும் அளவுக்குச் சரக்கு எங்களில் பலரிடம் சேர்வதில்லை. சிவகாசி நோட்டுப் புத்தகமும் இராஜபாளையம் நூலும் எங்கள் துணியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். (பட்டாசுக்கு விதிகள் வேறு; அதை இதில் சேர்க்கவில்லை.) இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் வரவிருக்கும் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கும் இது கைகொடுக்கும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறோம். புறம்போக்கு என்பதற்காகக் கண்மாய் உள்வாயையோ ஓடைக்கரையையோ ஒதுக்கிவிடாதீர்கள். பல ஆண்டுகள் வறண்டு கிடக்கும் கண்மாயும் ஒரு மழையில் நிரம்பிவிடும். அதில் மண் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் பக்கத்து ஊருக்குள் போகும். நீர்வளத் துறையின் வெள்ள மட்டக் குறிப்புகளையும் கிராமக் கணக்கையும் பார்த்து, ஊர்ப் பெரியவர்களையும் விசாரித்த பிறகே இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

வருவாய், ரயில்வே, சுங்கம், நீர்வளம் ஆகிய துறை அலுவலர்களை ஒன்றாக அழைத்துக் கள ஆய்வு நடத்தி, அரசுக்குப் பரிந்துரை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆய்வு நாளைத் தெரிவித்தால் நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி உற்பத்தியாளர்கள்